மிஞ்சிய பதினான்கு கேசட்டுகள்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உன் பெங்களூர் விலாசத்துக்கே அனுப்பியிருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உனக்கு நான் செய்தது நாலு சுவருக்குள் நடந்த காரியம் இல்லை. முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு செய்தேன். ஊரறியச் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் ரகசியமாகக் கேட்பது என்ன நியாயம்? அதனால்தான் நீ வீட்டில் இருந்தபோது மாதம் தவறாமல் வாங்கிய பத்திரிகைக்கு எழுதுகிறேன். போடுவார்களா, குப்பைக்கூடையில் போடுவார்களா என்று தெரியாது. போட்டால் உன் கண்ணில் படும். போடாவிட்டால், எடுத்து வைத்திருக்கும் நகலைத் தபாலில் அனுப்புவேன். எப்படியும் இன்னும் இரண்டு மாதத்தில் நீ சிங்கப்பூர் போகிறாய். பக்கத்து வீட்டுக்கு வந்த போனில் பேசிவிட்டு வந்து உங்கப்பா இதைச் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏம்புள்ள, பையன் சிங்கப்பூர் போறானாமா. ஊட்டுக்கு வந்துட்டுப் போறியா சாமின்னு கேட்டேன். பாக்கலாங்கப்பான்னுட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தே கால் ஓய்ந்து போனது.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். நம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தார்கள். மைதானத்தில் பந்தல் போட்டு, வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அவர் முழுக்கப் பேசியது பிள்ளைகள் கேட்கும் இங்கிலீஷ் பாட்டைப் பற்றித்தான். எந்த வீட்டில் மண்டையோட்டுப் படம் போட்ட கேசட் இருக்கிறதோ அந்த வீட்டுக்குள் சாத்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறான் என்றார். உன் அலமாரி கண் முன்னால் வந்து நின்றது. மறுநாள் நீ வெளியே போன நேரம் பார்த்து, ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு உன் அறைக்குள் போனேன். இருபத்தைந்து கேசட் இருந்தது. ஒன்றையும் போட்டுக் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்தேன், அவ்வளவுதான். மண்டையோடு, கொம்பு, நெருப்பு, கல்லறை என்று எதெல்லாம் படமாக இருந்ததோ அதெல்லாம் பைக்குள் போனது. பதினொன்று தேறியது. படம் இல்லாமல், வெறும் வெள்ளை அட்டையில் நீ பேனாவால் பேர் எழுதி வைத்திருந்த பதினான்கையும் விட்டுவிட்டேன். படம் இல்லாவிட்டால் பாவமும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு கணக்கு.

அன்று ராத்திரி கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் மேடைப்பக்கமே போகாதவள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்ததோ! "எங்க ஊட்டுல சாத்தான் இருந்தானுங்க, இன்னைக்கு ஆண்டவர் தொரத்திப்போட்டாருங்க" என்றேன். கூட்டம் தோத்திரம் தோத்திரம் என்று கத்தியது. பந்தல்காரர்கள் முளையடிக்கிற சம்மட்டியை வாங்கி என் கையில் கொடுத்தார்கள். பதினொன்றையும் நானே உடைத்தேன். கூட்டம் கத்தக் கத்த எனக்கு வேகம் கூடியது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ எப்போது வந்தாய் என்று தெரியவில்லை. பந்தலின் ஓரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். வீட்டுக்கு வந்து நீ சொன்னது ஒரே வார்த்தை. "நல்லதுங்கம்மா, நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றாய். அடுத்த வாரம் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று கிளம்பினாய். இரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்குப் போன் வரும், அப்பாவைக் கூப்பிடச் சொல்வாய். நான் ஓடிப் போய் எடுத்தால், "அப்பா இல்லீங்களா? அப்ப நான் அப்பறம் கூப்புடறேனுங்க" என்று வைத்துவிடுவாய். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மிஞ்சிய பதினான்கையும் நான் ஏன் கேட்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். பாசத்தால் இல்லை, கோபத்தால். இவ்வளவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள அதில் என்னதான் இருக்கிறது, ஒரு நாள் போட்டுப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்றுதான் தொடங்கினேன். நீ விட்டுப் போன டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைத் தூசி தட்டி அடுப்படி ஜன்னலில் வைத்தேன். பேர்களை எனக்கு உச்சரிக்க வராது. எழுதினால் நீ எழுத்துப் பிழை பார்ப்பாய். அதனால் ஒன்றிலிருந்து பதினான்கு வரை நம்பர் போட்டு ஒட்டிவிட்டேன். முதல் வாரம் தலைவலிதான் மிச்சம். இரண்டாம் வாரம் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தது. மூன்றாம் மாதம் உங்கப்பா, "இன்னைக்கு அந்த ஏழாம் நம்பரப் போடாத புள்ள, அந்தாளு கத்தறது எனக்கு ஆகல" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஏழைப் பற்றி எனக்கும் அதே எண்ணம்தான். தொண்டை இருக்கிறது என்று காட்டுவதற்காகவே பாடுகிற ஆள் அவர். மேலே ஏறுவார், ஏறுவார், இறங்க வழி தெரியாமல் அங்கேயே நிற்பார். பின்னால் வாசிக்கிறவர்கள் பாவம், காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றாம் நம்பர் தொடக்கம் பிரமாதம். கித்தார் ஒரு நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு, அப்புறம்தான் ட்ரம்ஸை உள்ளே கூப்பிடுகிறது. ஆனால் நல்லதையெல்லாம் முதல் பக்கத்திலேயே செலவழித்துவிட்டார்கள். இரண்டாம் பக்கம் நீர்மோர். இரண்டும் மூன்றும் ஒரே ஆட்கள், எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டில் ட்ரம்ஸ்காரர் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடுகிறார், மூன்றில் அடங்கிவிட்டார். ஒருவேளை ஆளே மாறிவிட்டாரோ என்னவோ. நாலில் பாட்டுக்கு நடுவே கித்தார்க்காரருக்கு மூன்று நிமிஷம் சும்மா விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மைக் கிடைத்த மாமா மாதிரி அவரும் விடுவதாக இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். எவ்வளவு முரட்டு ஆட்களாக இருந்தாலும் ஒரு கேசட்டுக்கு ஒரு தடவை, நாலாவது இல்லாவிட்டால் ஐந்தாவது பாட்டில், கொஞ்சம் அழுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்றாலும், ஆறில் வருகிற அழுகை மட்டும் விற்பனைக்குப் போட்டது மாதிரி இருக்கிறது. அதை நம்பாதே.

பத்தாம் நம்பர்தான் என்னுடையது. அவசரமே இல்லாத பாட்டு. ஒவ்வோர் அடியும் இறங்கி, நின்று, பிறகுதான் அடுத்தது வருகிறது. கனமாக இருக்க வேகம் வேண்டியதில்லை என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நம்பரை மட்டும் என்னால் முழுசாகக் கேட்க முடிவதில்லை. பாட்டு மோசம் என்று இல்லை. அது மேடையில் வாசித்துப் பதிவு செய்தது, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஜனம் கத்துகிறது. கூட்டம் அப்படிக் கத்தும்போது மேடையில் நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கையில் மறுபடியும் சம்மட்டி இருக்கிற மாதிரியே இருக்கும். எழுந்து போய் நிறுத்திவிடுவேன்.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். நான் தாராபுரத்துப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கோயமுத்தூருக்கு வந்து மில்லில் வைண்டிங் பிரிவில் சேர்ந்தவள். இருபத்தெட்டு வருஷமாக நூலைக் கோனில் சுற்றுகிற மெஷின் ஓட்டுகிறேன். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ஒரு மெஷின் ஒரு துளி பிசகி ஓடினால் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன், பத்தாவதா பதினொன்றாவதா என்று. காதில் கால்வாசி போய்விட்டது, மீதி காது நல்ல காது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ முதல் முதலில் சத்தமாகப் பாட்டு வைத்த அன்றைக்கு, "இந்தச் சத்தத்த நாங் கேக்கறதுக்கு மில்லுல எனக்குச் சம்பளங் குடுக்கறாங்க, நீ காசு குடுத்துக் கேக்கறயா?" என்று சண்டைக்கு வந்தேன். நீ அன்றைக்குச் சிரித்தாய். "அதேதானுங்கம்மா, அதேதான்" என்றாய். என்ன அதேதான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நம்பருக்கு வருகிறேன். அதில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாடுகிறவர் வாயில் ஒரு வார்த்தை பாதி இருக்கும்போதே, டக்கென்று நின்றுவிடும். முதலில் டேப் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் வேண்டுமென்றே அப்படி முடித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, என்ன தைரியம் என்று ஒரு வாரம் வியந்துகொண்டிருந்தேன். உங்கப்பாவிடம்கூடச் சொன்னேன், சாவு இப்படித்தான் வரும், சொல்லி முடிக்க விடாது என்று. அவர் பயந்துபோய்ப் பார்த்தார். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பைபிள் பையோடு நேராகக் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறி, உனக்குக் கேசட் பதிவு செய்து தரும் பாய் கடைக்குப் போய்விட்டேன். "ஏனுங்க, இந்தப் பாட்டு இப்படித்தான் முடியுதுங்களா?" என்று பன்னிரண்டாம் நம்பரை நீட்டினேன். பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்லீங்கம்மா. இது தொண்ணூறு நிமிசக் கேசட்டுங்க. ஒரு பக்கத்துக்கு நாப்பத்தஞ்சுதான் புடிக்கும். அந்த ஆல்பம் நாப்பத்தொம்போது நிமிசமுங்க, மறுபக்கம் வேற ஆல்பம். மிச்சத்த என்னத்தப் பண்றது, வெட்டித்தான் உடோணும்" என்றார். நான் ஒரு வாரம் வியந்த தைரியம், பாயிடம் டேப் தீர்ந்துபோனதுதான்.

பாய் நல்ல மனுஷர். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, ஹெட்போனை என் காதில் மாட்டி, வெட்டுப்பட்ட அந்த நாலு நிமிஷத்தையும் போட்டுக் காட்டினார். எல்லாச் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் கித்தார் மட்டும் தொடங்கின இடத்துக்கே திரும்பி வருகிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்டினதைவிட இது நூறு மடங்கு தைரியம். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தபோது பாய் கேட்டார், "தம்பியோட சொந்தக் கேசட்டக் கேட்டீங்களாம்மா? எப்படி இருந்துச்சுங்க?" என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கேசட் என்றேன்.

அவர் சொன்னதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீயும் நண்பர்களுமாக நாலு பேர் கணபதிப் பகுதியில் உன் ட்ரம்ஸ் நண்பனின் லேத் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தது. ஆறு பாட்டை ஒரே கேசட்டில் பதிவு செய்தது. முதல் பாட்டு மெஷின் சத்தத்தோடு தொடங்கும் என்றார் பாய், மில்லு மெஷின். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வழக்கமே இல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் நீயே எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாய். வாட்ச்மேனிடம் நைச்சியமாகப் பேசி, ஷெட் வாசல் வரைக்கும் வந்தாய். பிள்ளைக்கு என் மேல் என்ன திடீர்ப் பாசம் என்று பக்கத்து மெஷின்காரியிடம் பீற்றிக்கொண்டேன். சாப்பாட்டுப் பைக்குள் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "காப்பி போட்டு வெச்சுக்கலாமுங்க தம்பின்னு நானே சொன்னேனுங்கம்மா. மொதல்ல எங்கம்மா கேக்கட்டும் பாய், அப்பறம் போட்டுக்கலாம்னுட்டாருங்க" என்றார். அட்டைப் படத்தையும் அந்தக் கடைக் கவுண்டரில் வைத்துத்தான் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தாயாம். ஒரு மண்டையோடு. "தலையில துணி கட்டியிருக்கும் பாருங்க. எங்கம்மா பஞ்சு படியாம இருக்கக் கட்டிக்குவாங்க, அதுன்னாருங்க."

எனக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கிறது, கண்ணு. பைக்குள் போட்ட முதல் கேசட் அதுதான். மண்டையோட்டைப் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது என் ஸ்டாப் தாண்டி நாலு ஸ்டாப் போய்விட்டேன். கூட்டம் முடிந்த பிறகு ஒரு வாரத்துக்கு அந்த மைதானத்து வேலியில் பழுப்பு டேப் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே போவேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே.

அதற்குப் பிறகு நான் சும்மா இல்லை. கணபதிக்கு இரண்டு தடவை போனேன். உன் ட்ரம்ஸ் நண்பன் லேத்தை நிறுத்திவிட்டு வந்து, "எங்ககிட்டயும் இல்லீங்கம்மா, அது ஒண்ணுதானுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் இரண்டு பேர் வீட்டுக்கும் போனேன். மைதானத்து வேலியில் ஒரு முழம் டேப்பாவது கிடைக்காதா என்று இரண்டு வருஷம் கழித்துப் போய்த் தேடினேன், பைத்தியக்காரி மாதிரி. அங்கே இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெற்றவள் என்றால் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க மாட்டாள், அதையும் கேட்டுக்கொள். காதால் கேட்காத எதைப் பற்றியும் மைக் முன்னால் பேசாதே. கூட்டம் உன்னைப் பாராட்டிக் கத்தும்போது கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள். முக்கியமாக இன்னொன்று. கோபம் வந்தால் சண்டை போடு. "அது என்னோட பாட்டுங்கம்மா" என்று அன்றைக்கு நீ கத்தியிருந்தால், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், இரண்டு தட்டு உடைந்திருக்கும், விடிவதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். நீ நல்லதுங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வருவாள், அவளிடம் இந்த மரியாதையைக் காட்டாதே. இதில் உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் அதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நான் எழுதின மாதிரி இருக்காது.

போன ஞாயிறு ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் நம் பாஸ்டரிடம் போய், சாட்சி சொல்ல இரண்டு நிமிஷம் வேண்டும் என்றேன். "என்ன சாட்சிங்க சிஸ்டர்?" என்றார். "போன தடவ சொன்னதத் திருத்தணுமுங்க" என்றேன். "அன்னைக்குப் பந்தல்ல நானுந்தான் கை தட்டுனேனுங்க. போய்ச் சொல்லுங்க" என்றார். மைக் முன்னால் நின்றபோது முன் தடவை வந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "எங்க ஊட்டுல சாத்தான் இருந்தான்னு சொன்னேனுங்க. அது பொய்யிங்க. இருந்தது எம் பையனுங்க. அவன் எனக்காகப் பண்ணுன பாட்ட, கேக்காமயே நான் ஒடச்சுப்போட்டேனுங்க" என்றேன். பின் வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் அல்லேலூயா என்றார்கள். வெளியே வந்தபோது இரண்டு பேர் என்னிடம் பேசாமல் போனார்கள். போகட்டும். உங்கப்பா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் என் கையை விடவே இல்லை.

மன்னித்தேன் என்று நீ சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. சொன்னாலும் எனக்கு அது போதாது. சிங்கப்பூர் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பட்டறையைத் திறந்து வைக்கிறேன் என்று உன் நண்பன் சொல்லியிருக்கிறான், மற்ற இரண்டு பேரும் வருகிறார்களாம். அந்த ஆறு பாட்டையும் வாசியுங்கள். நான் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆறையும் கடைசி வரைக்கும் கேட்பேன். மற்றவர்கள் கேசட்டுக்கு ஒளிவு மறைவில்லாமல் கருத்துச் சொல்லிவிட்டேன், உன்னுடையதற்கும் சொல்லுவேன். தப்புச் செய்தவளாயிற்றே, அழுதுகொண்டு எல்லாமே பிரமாதம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. ட்ரம்ஸ் பிசகினால் பிசகியது என்பேன். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்றுதான் சொல்லுவேன்.

அம்மா